காயம்பட்ட வீரருக்கு நன்கொடையா, கொள்முதல் ஆணையா? பெரிய நிறுவனங்கள் கவனிக்க வேண்டியவை

கியா பார்ம்: கேமரன் மலைக்கு வருவோர் கியா பார்ம் சந்தையில் காய்கறி, ஸ்ட்ராபெரி, தேன், பூச்செடி என வாங்கிக்கொண்டு மலையிறங்குகிறார்கள். அவர்கள் கண்ணில் படாத இன்னொரு வியாபாரமும் இங்கே நடக்கிறது. காய்கறியை அடுக்க அட்டைப் பெட்டி வேண்டும். தங்கும் விடுதிகளுக்குப் படுக்கை விரிப்புச் சலவை, தேயிலைத் தோட்டங்களுக்குச் சீருடை, மழைக்கோட்டு, லோரி பழுதுபார்ப்பு, இரவுக் காவல் எல்லாம் வேண்டும். ஒவ்வொன்றையும் யாரோ ஒரு விநியோகிப்பாளர் தருகிறார். அந்த விநியோகிப்பாளர் யாராக இருக்கலாம் என்பதுதான் கேள்வி.

நாட்டுக்காகப் பணியாற்றி உடல் உறுப்பையோ, பார்வையையோ, கேட்கும் திறனையோ இழந்த முன்னாள் இராணுவ வீரர் நடத்தும் சிறு நிறுவனத்திடம் பெரிய நிறுவனங்கள் பொருளும் சேவையும் வாங்க வேண்டும் என்ற கருத்து உலகில் பல நாடுகளில் நடைமுறைக்கு வந்துவிட்டது. மலேசியாவில் இது இன்னும் பரவலாகப் பேசப்படவில்லை.

40 வயதில் தொடங்கும் இரண்டாம் வாழ்க்கை

இராணுவத்தில் சாதாரண நிலை வீரர் ஓய்வூதியம் பெறப் பொதுவாக 21 ஆண்டு சேவையை நிறைவு செய்ய வேண்டும். இளம் வயதில் சேர்ந்தவர் 40 வயதை எட்டும்போதே சீருடையைக் கழற்றிவிடுகிறார். அந்த வயதில் பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். வீட்டுக் கடன் பாதிகூட முடிந்திருக்காது.

காயத்துடன் வெளியே வருபவருக்குச் சுமை இன்னும் அதிகம். 1968 முதல் 1989 வரை நீடித்த இரண்டாம் கம்யூனிஸ்டு கிளர்ச்சியின்போது காட்டில் புதைக்கப்பட்ட கண்ணிவெடிகளில் கால் இழந்த வீரர்கள் பலர். போர் இல்லாத காலத்திலும் பயிற்சியிலும் பணி விபத்திலும் காயமடைவோர் உண்டு. இவர்களுள் எல்லா இனத்தவரும் இருக்கிறார்கள்.

ஆண்டுதோறும் ஜூலை 31ஆம் நாள் வீரர் தினம் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்தக் காலத்தில் நன்கொடை திரட்டப்படுகிறது, நிறுவனங்களும் காசோலை வழங்குகின்றன. அது நல்ல காரியந்தான். ஆனால், நன்கொடை ஒரு மாதச் செலவைத்தான் தீர்க்கும். ஓராண்டுக்கான கொள்முதல் ஆணை கையில் இருந்தால் அதைக் காட்டி வங்கியில் கடன் கேட்கலாம், இயந்திரம் வாங்கலாம், மேலும் இருவரை வேலைக்கு வைக்கலாம்.

உலகில் எப்படி நடக்கிறது?

முதல் உலகப் போருக்குப் பின் 1922இல் மேஜர் ஜார்ஜ் ஹவ்சன் என்பவர் லண்டனில் காயம்பட்ட வீரர்கள் 5 பேருடன் துணியில் பாப்பி மலர் செய்யும் தொழிற்கூடத்தைத் தொடங்கினார். ஒரு கையை இழந்தவரும் கோத்துவிடக்கூடியதாக அந்த மலர் எளிமையாக வடிவமைக்கப்பட்டது. செய்த மலர்களை வாங்கிக்கொள்ள முன்னாள் வீரர்களின் அமைப்பான பிரிட்டிஷ் லீஜன் இருந்தது. வாங்குபவர் முன்கூட்டியே உறுதியாக இருந்ததால்தான் அந்தத் தொழிற்கூடம் நூறாண்டு கடந்தும் நிற்கிறது.

இந்தியாவில் கோல் இந்தியாவின் சுரங்கங்களில் நிலக்கரி ஏற்றிச் செல்லும் வேலை, முன்னாள் வீரர்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு வழங்கப்படுகிறது. இராணுவ வீரரின் கைம்பெண்ணும் காயம்பட்ட வீரரும் தங்கள் பெயரில் டிப்பர் லோரியை அந்த நிறுவனங்களுடன் இணைத்து வருமானம் பெறும் திட்டமும் அங்கு உண்டு. 1999ஆம் ஆண்டு கார்கில் போருக்குப் பின் உயிரிழந்த வீரர்களின் குடும்பங்களுக்கும் காயமடைந்தோருக்கும் அரசு எண்ணெய் நிறுவனங்களின் பெட்ரோல் நிலையங்களும் சமையல் எரிவாயு முகவர் உரிமங்களும் ஒதுக்கப்பட்டன.

இதைச் சட்டமாகவே ஆக்கிய நாடு அமெரிக்கா. கூட்டரசு குத்தகைத் தொகையில் 3 விழுக்காடு, பணியில் காயமடைந்த முன்னாள் வீரர்களின் நிறுவனங்களுக்குச் செல்ல வேண்டும் என்று 1999இல் இலக்கு வகுக்கப்பட்டது. இலக்கு மட்டும் போதவில்லை. 2003இல் சில குத்தகைகளை அவர்களுக்கென்றே ஒதுக்கச் சட்டம் வழிவிட்டது. அதன் பிறகும் 2012ஆம் நிதியாண்டில்தான் 3 விழுக்காடு முதன்முறையாக எட்டப்பட்டது. இப்போது இலக்கு 5 விழுக்காடு. பெரிய குத்தகை பெறும் தனியார் நிறுவனங்களும், தங்கள் துணைக்குத்தகையில் இவர்களுக்கு எவ்வளவு பங்கு தரப்போகிறோம் என்று திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

பெரிய நிறுவனத்துக்கு என்ன லாபம்?

முதலாவது, கையில் உள்ள திறன். இராணுவம் துப்பாக்கி பிடிக்க மட்டும் கற்றுத் தருவதில்லை. வாகனப் பராமரிப்பு, கிடங்குக் கணக்கு, சமையல், தொலைத்தொடர்பு, மருத்துவ உதவி என நூறு தொழில்களை அது கற்றுத் தருகிறது. சொன்ன நேரத்தில் சொன்ன அளவு பொருள் வந்து சேர வேண்டும் என்பது அங்கே பழக்கமாகிவிட்ட ஒழுங்கு.

இரண்டாவது, அருகாமை. கேமரன் மலைக்குத் தாப்பா வழியும் சிம்பாங் பூலாய் வழியுமே முக்கியச் சாலைகள். அடைமழையில் மண் சரிந்தால் கீழிருந்து வர வேண்டிய பெட்டியும் உதிரிப் பாகமும் நின்றுவிடும். மலையிலேயே ஒரு சிறு விநியோகிப்பாளர் இருந்தால் அறுவடை வீணாகாது. ஒரே விநியோகிப்பாளரை நம்பியிருப்பதன் ஆபத்தைக் கோவிட் காலம் எல்லாருக்கும் காட்டிவிட்டது.

மூன்றாவது, கணக்கு. புர்சா மலேசியாவில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் நிலைத்தன்மை அறிக்கை வெளியிட வேண்டும். 2022இல் வலுப்படுத்தப்பட்ட விதிகளின்படி, கொள்முதல் செலவில் உள்நாட்டு விநியோகிப்பாளர்களுக்கு எத்தனை விழுக்காடு சென்றது என்பதையும் அவை காட்ட வேண்டும். மேலும், மாற்றுத் திறனாளி ஊழியருக்குத் தரும் சம்பளத்துக்கு முதலாளிக்கு வருமான வரியில் இரட்டிப்புக் கழிவு கிடைக்கிறது. காயம்பட்ட வீரர் தம்மைப் போன்ற இன்னொருவரை வேலைக்கு வைத்தால் அந்தச் சலுகை அவரது நிறுவனத்துக்கும் பொருந்தும்.

பெரிய நிறுவனம் சிறியவரைத் தூக்கிவிடுவது நம் நாட்டுக்குப் புதிதன்று. 1988இல் புரோட்டோன் தன் கார் உதிரிப் பாகங்களுக்கு உள்ளூர் விநியோகிப்பாளர்களை உருவாக்கத் தொடங்கியது. 1993இல் பெட்ரோனாஸ் தன் விநியோகிப்பாளர் மேம்பாட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தது.

சட்டம் எங்கே நிற்கிறது?

2008ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டம் அவர்களுக்கு வேலை பெறும் உரிமையை ஏற்கிறது. அரசாங்க வேலையில் 1 விழுக்காடு அவர்களுக்கு என்பது கொள்கை. தனியார் துறைக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. முன்னாள் வீரர்களுக்கென 2012இல் தனிச் சட்டம் வந்தது. ஆனால், இரண்டு சட்டங்களும் ஒரு பெரிய நிறுவனத்தின் கொள்முதல் அறைக்குள் நுழைவதில்லை. அந்தக் கதவை நிறுவனமே திறந்தால்தான் உண்டு.

அலிபாபா ஆபத்து

இதில் எச்சரிக்கையும் தேவை. அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் 2009இல் ஆராய்ந்த 10 நிறுவனங்கள், தகுதியில்லாமலேயே ஏறத்தாழ 10 கோடி டாலர் மதிப்புள்ள குத்தகைகளைப் பெற்றிருந்தன. வீரரின் பெயர் முன்னே, வேறொருவரின் பை பின்னே. மலேசியர்களுக்கு இந்த 'அலிபாபா' வியாபாரத்தை விளக்கத் தேவையில்லை.

குறைந்தது 51 விழுக்காடு பங்கு காயம்பட்ட வீரரிடம் இருக்க வேண்டும், அன்றாட முடிவுகளையும் அவரே எடுக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. பங்குப் பத்திரத்தைப் பார்த்தால் மட்டும் போதாது. காசோலையில் யார் கையெழுத்திடுகிறார், விலையை யார் பேசுகிறார் என்று நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது?

நிறுவனங்கள் செய்யக்கூடியவை நான்கு:

• பெரிய டெண்டரைச் சிறு பகுதிகளாகப் பிரிப்பது. ஐந்து தோட்டத்துக்கும் சீருடை தைக்க முடியாதவர் ஒரு தோட்டத்துக்குத் தைத்துத் தருவார்.

• 30 நாளில் பணம் கொடுப்பது. 90 நாள் காத்திருக்கும் முதல் சிறு வியாபாரியிடம் இல்லை.

• ஒருமுறை வாங்கி நிறுத்தாமல் ஓராண்டு ஒப்பந்தம் தருவது.

• தரத்தில் சலுகை காட்டாமல் இருப்பது. குறை இருந்தால் சொல்லித் திருத்த வாய்ப்பளிப்பதே மரியாதை.

வீரர்கள் தரப்பில், சமூக நல இலாகாவில் ஓகேயு அட்டை, முன்னாள் வீரர் விவகார இலாகாவில் பதிவு, எஸ்எஸ்எம் நிறுவனப் பதிவு ஆகிய மூன்றும் கையில் இருக்க வேண்டும். சிறு தொழில் தொடங்கும் மாற்றுத் திறனாளிக்குச் சமூக நல இலாகா தொடக்க நிதி வழங்குகிறது. முன்னாள் வீரர்களுக்குத் தொழில்முனைவர் பயிற்சி தருவது பெர்ஹெபாட். இந்தியச் சிறு வியாபாரிகளுக்குத் தெக்குன் வழியாக ஸ்புமி கடனுதவி உண்டு.

தோட்டத்திலோ பட்டணத்திலோ இப்படி ஒரு வீரர் உள்ள குடும்பம் இந்தத் தாள்களை இப்போதே சரிபார்த்து வைப்பது நல்லது. கொள்முதல் அதிகாரிகளும் தங்கள் விநியோகிப்பாளர் பட்டியலை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். அதில் காயம்பட்ட வீரர் ஒருவர்கூட இல்லையென்றால், அடுத்த சிறு ஆணையிலிருந்தே அதை மாற்றத் தொடங்கலாம்.