செஞ்சியில் அரசாங்க ஒப்பந்தப்புள்ளி

பொதுப்பணத்தில் வாங்க வேண்டிய பொருளுக்கோ செய்விக்க வேண்டிய வேலைக்கோ அரசாங்கம் பகிரங்கமாக விலை கேட்பதும், அதற்கு வியாபாரி எழுத்துமூலம் விலை சொல்வதுமே ஒப்பந்தப்புள்ளி, வழக்கில் டெண்டர். விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சியில் இதற்கு ஒரு விசேஷம் உண்டு. கோட்டையைப் பராமரிக்கும் இந்தியத் தொல்லியல் துறைக்கு மத்திய அரசின் விதிகளும், ஊரை நிர்வகிக்கும் பேரூராட்சிக்கு மாநிலச் சட்டமும் பொருந்துவதால், ஒரே கடைவீதி வியாபாரி இரு வேறு வாசல்களில் நிற்க நேர்கிறது.

மாநிலத்தின் வாசலைக் காப்பது தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998. அதன் விதிகள் 2000ஆம் ஆண்டில் வந்தன. 2 கோடி ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாளும் பொதுவாக அவகாசம் தரவேண்டும். விலைகுறைப்புப் பேச்சு மிகக் குறைந்த விலை சொன்னவரோடு மட்டுமே. முடிவில் மனக்குறை உள்ளவர் ஆணை கிடைத்த 10 நாளுக்குள் அரசுக்கு மேல்முறையீடு செய்யலாம்.

இரட்டை உறை முறையில், முதல் உறையில் பதிவுச் சான்று, ஜி.எஸ்.டி. எண், முன்செய்த வேலைக்கான சான்று, முன்வைப்புத் தொகைக்கான ஆதாரம் ஆகியவை இருக்க, விலை இரண்டாம் உறையில் தனியே காத்திருக்கும். அரக்கு முத்திரை இருந்த இடத்தில் இன்று டிஜிட்டல் கையொப்பக் குச்சி இருக்கிறது. ஆனால் ஒரு சான்று விடுபட்டதற்காக விலை உறை பிரிக்கப்படாமலே கிடக்கும் துரதிருஷ்டம் மாறவில்லை. செல்வாக்கு இல்லாததால் தோற்றதாகச் சொல்பவர்களில் பலர் காகிதத்தில்தான் தோற்றிருக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

விலை போடுவது வேறு வித்தை. கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் பாறையாகக் காட்சி தரும் செஞ்சியிலும், சல்லியின் விலை கல்குவாரிக்கும் வேலையிடத்துக்கும் உள்ள கிலோமீட்டரில்தான் நிர்ணயமாகிறது. அந்த லாரிக்கூலியை விட்டுக் கணக்கிட்டு வெல்பவர், வென்ற அன்றே நஷ்டப்படத் தொடங்குகிறார். கோட்டைக்கு அருகே வேலை எடுப்பவர் நிலப்படத்தையும் பார்க்க வேண்டும்: பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக்கட்டடத்துக்குத் தடை; அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி தேவை. வடிகாலும் பொதுக் குடிநீர் வேலையும் இந்தத் தடையை விதிக்கும் சட்டத்தின் ‘கட்டுமான’ இலக்கணத்தில் சேரா.

மத்திய வாசலுக்குப் பொருளும் சேவையும் விற்க விரும்புவோர், 2016இல் தொடங்கிய ஜெம் என்னும் இணையச் சந்தையில் பதிந்துகொள்ள வேண்டும். மத்தியத் துறைகள் தம் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும். அதில் 3 சதவீதம் பெண்கள் நடத்துவனவற்றுக்கு. உத்யம் என்னும் சிறுதொழில் பதிவு பெற்ற இத்தகைய உற்பத்தியாளருக்கு முன்வைப்புத் தொகையும் கிடையாது. கட்டட வேலைக்கு இச்சலுகை செல்லாது.

ஒப்பந்தம் கைக்கு வந்தபின்னும், முடித்த வேலையின் அளவு எம்-புக் என்னும் அளவுப் புத்தகத்தில் ஏறிய பிறகே பில் நகரும். அதுவரை டீசலும் சனிக்கிழமைக் கூலியும் ஒப்பந்தக்காரரின் கைமுதலிலிருந்துதான் போக வேண்டும்.