உதட்டுக் கொப்புளமும் ஒரு பச்சைக் குழாயும்

கொல்கத்தாவில் டிசம்பர் பிறந்ததும் விடுதி அறைகளின் சன்னலோரங்களில் போரோலினின் பச்சைக் குழாய் தவறாமல் இடம்பிடித்துவிடும். சென்ற குளிர்காலத்தில் என் கீழுதட்டில் கொப்புளங்கள் கொத்தாக எழுந்தபோது, உடன் தங்கியிருந்த வங்காளத் தோழி முதலில் நீட்டியது அதைத்தான். "ஜொர்டோசா" என்று நோய்க்குப் பெயரும் சொன்னாள். மொழியியல் பயின்றவளுக்கு மருந்தைவிடப் பெயரே முதலில் உறைத்தது.

ஜொர் என்பது காய்ச்சல், டோசா, கொப்புளம். ஆங்கிலத்தில் சளியையும் காய்ச்சலையும் முன்னிறுத்தும் இரு பெயர்கள் வழங்குகின்றன. தமிழில் இத்தகைய எரிகொப்புளங்களைப் பொதுவாக அக்கி என்கிறோம்; அச்சொல்லுக்குத் தீ என்னும் பொருளும் உண்டு. ஹெர்ப்பிஸ் என்ற மருத்துவப் பெயரோ, 'ஊர்தல்' என்று பொருள்படும் கிரேக்க வினையடியில் பிறந்தது.

பெயர் எவ்வழியோ வைத்தியமும் பெரும்பாலும் அவ்வழியே. தீயென்று கண்ட தமிழகத்தில் குயவரிடம் சென்று செங்காவியைக் குழைத்து 'அக்கி எழுதி' உடலைக் குளிர்வித்தனர். பனிக்கால வெடிப்போடு சேர்த்துக் கண்ட வங்காளத்தில் களிம்பு பூசினர்.

அந்தக் களிம்பின் வரலாறு சுதேசி இயக்கத்தோடு பிணைந்தது. 1901இல் பிரபுல்ல சந்திர ராய் தொடங்கிய பெங்கால் கெமிக்கல்ஸும், 1905ஆம் ஆண்டின் வங்கப் பிரிவினை எதிர்ப்பும், மருந்தை நாமே செய்யலாம் என்னும் துணிவை வளர்த்திருந்தன. அயல்நாட்டுப் பொருள்களை இறக்குமதி செய்துவந்த வணிகர் கௌர்மோகன் தத்தா 1929இல் போரோலினைக் கொண்டுவந்தார். போரிக் அமிலம், துத்தநாக ஆக்சைடு, கம்பளிக் கொழுப்பாகிய லேனோலின் ஆகியவை அதன் முதன்மைக் கூறுகள். 1947 ஆகஸ்ட் 15 அன்று ஒரு லட்சம் குழாய்களை இலவசமாக வழங்கியதாக நிறுவனம் பெருமையுடன் கூறிவருகிறது.

ஆனால் போரோலின் பிறப்பதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1919இல், உதட்டுக் கொப்புளத்தின் நீர் முயலின் கருவிழிக்குத் தொற்றுவதை லோவன்ஸ்டைன் காட்டியிருந்தார். நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ். அது முகத்தின் உணர்வு நரம்பு முடிச்சில் உறங்கிக் கிடந்து, காய்ச்சல், சளி, கடும் வெயில், மன உளைச்சல் ஆகியவற்றால் விழித்தெழுகிறது. ஆக, நம் முன்னோர் வைத்த பெயர்களுள் பல நோயின் காரணத்தைச் சொல்லவில்லை. அதைத் தூண்டியதையோ அது தந்த எரிச்சலையோ துல்லியமாகப் பதிவு செய்துள்ளன.

களிம்பையும் அவ்வாறே மதிப்பிட வேண்டும். அது வைரஸை அழிப்பதில்லை. பொருக்கு வெடிக்காமல் ஈரம் காத்து வலியைத் தணிக்கலாம். குளிர்ந்த ஈரத்துணி ஒற்றுவதன் பயனும் அத்தகையதே. வைரஸின் பெருக்கத்தைத் தடுக்கும் அசைக்ளோவிர் 1970களில்தான் உருவாயிற்று. அதையும் முதல் குறுகுறுப்பு தோன்றிய உடனே தொடங்கினால்தான் பயன் மிகுதி.

இங்கேதான் வரலாறு வீட்டுக்குள் நுழைகிறது. ஒரே குழாயை வீடு முழுவதும் பகிர்வது நம் பாசத்தின் அடையாளம். புண் இருக்கும்போது அதுவே தொற்றின் வழியாகலாம். புண்ணோடு கொடுக்கும் முத்தம் பச்சிளங்குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம். கண்ணருகே பரவினால் காவியும் களிம்பும் போதா. அன்றே மருத்துவரை நாட வேண்டும்.

மற்றொன்று, வெட்கம். 2016ஆம் ஆண்டுக்கான உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி, 50 வயதுக்குட்பட்டோரில் சுமார் 370 கோடிப் பேரிடம் இவ்வைரஸின் முதல்வகை உள்ளது. ஹெர்ப்பிஸ் என்றதும் முகம் சுளிக்கும் அதே வகுப்பறை, ஜொர்டோசா என்றால் பரிவு காட்டுகிறது. நோய் ஒன்றே, சொல்தான் வேறு.

தோழியின் குழாயை நான் தொடவில்லை. புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டேன். காரணத்தைச் சொன்னபோது அவள் சிரித்தாள். பிறகு தன் குழாயைத் தனியே எடுத்து வைத்தாள். உங்கள் ஊரில் இப்புண்ணுக்கு என்ன பெயர், என்ன பூசுவார்கள்? வட்டார வழக்குகளைக் கீழே பதிவு செய்யுங்கள்.