எதை அடிப்பது?

ரெக்கார்டிங் சென்டர்களை மறந்திருக்க மாட்டீர்கள். அறுபது நிமிஷ கேசட் ஒன்றை வாங்கி, பாட்டுப் பட்டியலோடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவோம். பக்கத்துக்கு ஆறு பாட்டு. ஏழாவதுக்கு ஆசைப்பட்டால் இரண்டாவது சரணத்தில் டேப் தீர்ந்து ‘டக்’கென்று நிற்கும். பட்டியலில் எதை அடிப்பது என்று வீட்டில் ஒரு பஞ்சாயத்தே நடக்கும்.

அந்தப் பஞ்சாயத்துக்கு நிரந்தரமாக முடிவு கட்டிவிட்டதாக ஒருவர் மேடையேறிச் சொன்னார். 2001 அக்டோபர் 23. கலிபோர்னியாவில் குபர்டினோ, ஆப்பிள் கம்பெனியின் அரங்கம். ஜீன்ஸ் பாக்கெட்டிலிருந்து சீட்டுக்கட்டு அளவில் ஒரு வெள்ளைப் பெட்டியை எடுத்துக் காட்டினார் ஸ்டீவ் ஜாப்ஸ். ஐபாட். ஐந்து ஜி.பி. ஹார்ட் டிஸ்க், ஆயிரம் பாட்டு, 399 டாலர். உங்களிடம் இருக்கிற மொத்தப் பாட்டும் இனி பாக்கெட்டுக்குள். எதையும் வீட்டில் விட்டுவிட்டுப் போகவேண்டாம்!

இதன் அருமை புரிய மூன்று வருஷம் பின்னால் போகவேண்டும். 1998-ல் டயமண்ட் என்கிற கம்பெனி ‘ரியோ’ என்று ஒரு எம்பி3 பெட்டியை விற்றது. உள்ளே 32 எம்.பி. நினைவகம். பாட்டு ஒரு நிமிஷத்துக்குச் சுமார் ஒரு எம்.பி. சாப்பிடும். கணக்குப் போடுங்கள். அரை மணி நேரம். கேசட்டின் ஒரு பக்கம்! இந்த அரை மணி நேரத்துக்கே அமெரிக்க இசைக் கம்பெனிகளின் சங்கம் கோர்ட்டுக்குப் போனது. 1999 ஜூனில் அப்பீலிலும் தோற்றது. தன்னிடம் ஏற்கெனவே இருக்கிற பாட்டை ஒருவர் இடம் மாற்றி வைத்துக் கேட்பது சொந்த உபயோகம்தான் என்றது கோர்ட். அந்தத் தீர்ப்பு மட்டும் வேறு மாதிரி வந்திருந்தால் ஜாப்ஸ் பாக்கெட்டில் கைவிட்டிருப்பாரா என்பது சந்தேகமே.

நிறையப் பாட்டுப் பிடிக்கிற பெட்டி ஐபாடுக்கு முன்பே இருந்தது. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் கம்பெனி 2000-ல் விட்ட நோமாட் ஜூக்பாக்ஸில் ஆறு ஜி.பி. ஆனால் ஒரு சி.டி. பிளேயர் பருமன். அன்றைய யு.எஸ்.பி. ஒயர் வழியே அதை நிரப்புவது கொட்டாங்கச்சியால் கிணறு இறைக்கிற வேலை. ஐபாடில் டோஷிபாவின் 1.8 அங்குலக் குட்டி டிஸ்க்கும், யு.எஸ்.பி.யைவிட முப்பது மடங்கு வேகம் என்று கணக்குச் சொன்ன ஃபயர்வயரும் சேர்ந்தன. ஒயரைச் செருகினால் ஐட்யூன்ஸ் மென்பொருள் தானே எல்லாவற்றையும் ஏற்றிவிடும். ‘ஸிங்க்’ என்றார்கள்.

ஆனால் அது ஒருவழிப் பாதை. கம்ப்யூட்டரிலிருந்து பெட்டிக்குப் போகும், திரும்பி வராது. பாட்டைத் திருடாதீர்கள் என்று பெட்டியின் மேல் ஒரு ஸ்டிக்கர் வேறு. இன்னொரு கம்ப்யூட்டரில் செருகி, எழும் கேள்விக்குப் படிக்காமல் ‘சரி’ என்று தட்டினால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்து, அந்தக் கம்ப்யூட்டரில் இருப்பது ஏறிக்கொள்ளும். கோர்ட்டில் தோற்ற கம்பெனிகளின் பயத்துக்கு ஆப்பிள் கட்டிய வேலி என்றுதான் எனக்குப் படுகிறது. வேலிக்கு உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் காசு கொடுத்து சி.டி. வாங்கியவர்களும்தான்.

சரி, அந்த ‘மொத்தப் பாட்டும்’ என்ன ஆயிற்று? பெட்டி வளர்வதைவிட வேகமாக லைப்ரரி வளர்ந்தது. அலமாரியில் கிடந்த சி.டி.க்கள் ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டருக்குள் போயின. நாலாயிரம் பாட்டு, பெட்டியிலோ ஆயிரத்துக்கு இடம். மறுபடி பஞ்சாயத்து! பாட்டுக்குப் பாட்டு டிக் அடித்து, டிக் அடித்ததை மட்டும் ஏற்றலாம். நாலாயிரத்துக்கு டிக் அடித்துப் பாருங்கள், தெரியும்.

2002 ஜூலையில் ஐட்யூன்ஸின் மூன்றாம் பதிப்பு வந்தது. அதில் ‘ஸ்மார்ட் பிளேலிஸ்ட்’. இதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். பாட்டை நீங்கள் பொறுக்குவதில்லை, விதியை எழுதுகிறீர்கள். நாலு ஸ்டாருக்குக் குறையக்கூடாது. கடந்த ஒரு மாசமாகக் கேட்டிருக்கக் கூடாது. மொத்தம் நாலு ஜி.பி.யைத் தாண்டக்கூடாது. அவ்வளவுதான். நீங்கள் பஸ்ஸில் எதைக் கேட்டீர்கள் என்கிற சேதியை ஐபாட் திரும்ப வந்து கம்ப்யூட்டரிடம் சொல்லிவிடும். (பாட்டு திரும்பி வராது, கோள் மட்டும் வரும்.) கேட்ட பாட்டு இறங்கும், கேட்காதது ஏறும். சும்மா சொல்லக்கூடாது, அபாரமான யோசனை.

ஒரே ஒரு சிக்கல். ஸ்டார் இல்லாத பாட்டு பெட்டியில் ஏறாது. ஏறாத பாட்டைக் கேட்க வழியில்லை. கேட்காத பாட்டுக்கு ஸ்டார் போடுவது யார்? மூவாயிரம் பாட்டு டிஸ்க்கின் மூலையில் அப்படியே தூங்கும். கேசட் காலத்தில் எதை அடித்தோம் என்றாவது தெரியும். இங்கே அதுவும் தெரியாது.

2005 ஜனவரியில் ஐபாட் ஷஃபிள் வந்தது. 512 எம்.பி., 120 பாட்டு, திரையே கிடையாது. ‘ஆட்டோஃபில்’ பட்டனைத் தட்டினால் லைப்ரரியிலிருந்து குருட்டாம்போக்கில் வாரிப் போட்டுக்கொள்ளும். பலர் சிரித்தார்கள். எனக்கென்னவோ, தூங்கிய பாட்டுகளுக்கு நியாயம் செய்தது இந்தக் குட்டிப் பெட்டிதான் என்று தோன்றுகிறது. விதி எழுதவும் வேண்டாம், ஸ்டார் போடவும் வேண்டாம், குலுக்கல்தான்.

பிறகு இடம் ஒரு பிரச்னையாக இல்லாமல் போனது. 2007-ல் 160 ஜி.பி. ஐபாட் கிளாசிக், நாற்பதாயிரம் பாட்டு. 2014-ல் அது நின்றது. 2022 மே மாசம் கடைசி ஐபாடுக்கும் முற்றுப்புள்ளி வைத்தார்கள்.

முதல் ஐபாடுகள் இன்னும் சிலரிடம் ஓடிக்கொண்டிருக்கின்றன. முதல் இரண்டு தலைமுறைக்கும் ஃபயர்வயர் மட்டும்தான் வழி. 2025-ல் வந்த ‘டாஹோ’ மென்பொருளில் ஆப்பிளே ஃபயர்வயரைக் கைவிட்டுவிட்டது. பழைய கம்ப்யூட்டர் ஒன்றைப் பத்திரமாக வைத்திருந்தால்தான் இனி அவற்றில் ஒரு பாட்டை மாற்ற முடியும். இல்லையென்றால், கடைசியாக ஒயரைப் பிடுங்கிய அன்றைக்கு எந்தப் பாட்டு தேறியதோ அதேதான் ஒலிக்கும்.