கொத்துக்கறியும் அமானிதமும்: பர்கர் உணவகத்தின் வரலாறு உணர்த்தும் பாடம்

விடுமுறை நாளில் குடும்பத்தோடு பர்கர் உணவகத்திற்குச் செல்வது சென்னையிலும் துபாயிலும் லண்டனிலும் வாழும் நம் குடும்பங்களுக்குப் பழகிப்போன ஒன்றாகிவிட்டது. மேசையில் அமர்ந்ததும் பிள்ளைகள் படங்களைப் பார்க்கின்றனர், பெற்றோராகிய நாம் “இறைச்சி ஹலாலா?” என்று வினவுகிறோம். இக்கேள்வியைக் கேட்க நம்மில் சிலர் கூச்சப்படுவதுண்டு. வரலாற்றைப் புரட்டினால் அக்கூச்சத்திற்கு இடமே இல்லை என்பது விளங்கும்.

முதலில் பெயரைப் பற்றிய ஓர் ஐயம். ‘ஹாம்’ என்பது ஆங்கிலத்தில் பன்றியின் தொடை இறைச்சியைக் குறிப்பதால், ‘ஹாம்பர்கர்’ என்ற சொல்லைக் கேட்டுத் தயங்குவோர் உளர். அப்பெயர் ஜெர்மனியின் துறைமுக நகரமான ஹாம்பர்க்கிலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க உணவகங்கள் ‘ஹாம்பர்க் ஸ்டேக்’ என்ற பெயரில் கொத்திய மாட்டிறைச்சியைப் பரிமாறின. அதனை முதன்முதலில் ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்தவர் யார் என்பதில் அமெரிக்காவின் பல ஊர்கள் இன்றும் உரிமை கொண்டாடுகின்றன.

பெயரில் சிக்கல் இல்லை. சிக்கல் கொத்துக்கறியின் இயல்பில் உள்ளது. முழு இறைச்சித் துண்டைக் கண்ணால் கண்டு ஓரளவு அறியலாம். கொத்தி அரைத்தபின் எதனோடு எது கலந்தது என்பதை உண்பவர் அறிய வழியில்லை. அங்கே விற்பவரின் அமானிதம் ஒன்றே உண்பவருக்குத் துணை.

நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். இஸ்லாமிய நகரங்களில் கடைத்தெருவைக் கண்காணிக்க ‘முஹ்தஸிப்’ என்னும் அதிகாரி இருந்தார். 12ஆம் நூற்றாண்டில் ஷாம் தேசத்தில் வாழ்ந்த அறிஞர் அஷ்ஷைஸரீ, அவ்வதிகாரிகளுக்காக ஒரு கையேடு இயற்றினார். வெள்ளாட்டுக் கறியைச் செம்மறியாட்டுக் கறியோடு கலக்கலாகாது என்று அதில் கசாப்புக்காரர்களுக்கு விதிக்கிறார். குடலில் கொத்துக்கறியை அடைத்து விற்போரின் கடைகள் முஹ்தஸிபின் இருக்கைக்கு அருகிலேயே இருப்பது நலம் என்கிறார். அத்தொழிலில் நடக்கும் கலப்படங்கள் எளிதில் புலப்படா என்பதே அவர் கூறும் காரணம்.

ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகளுக்குப் பின் அமெரிக்கா அதே பாடத்தைக் கற்றது. 1906இல் நூலாக வெளிவந்த அப்டன் சின்க்ளேரின் ‘தி ஜங்கிள்’ என்னும் நாவல், சிகாகோ இறைச்சிக் கூடங்களின் அசுத்தத்தை வெளிப்படுத்தியது. மக்கள் கொதித்தெழுந்தனர். அவ்வாண்டு ஜூன் 30 அன்று இறைச்சிப் பரிசோதனைச் சட்டத்தில் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் கையொப்பமிட்டார். ஆயினும் கொத்துக்கறி மீதான அச்சம் எளிதில் நீங்கவில்லை. 1921இல் கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் தொடங்கப்பட்ட ‘ஒயிட் காசில்’ உணவகம், தூய்மையைக் காட்ட வெண்மையையும் உறுதியைக் காட்டக் கோட்டையையும் தன் பெயரிலும் கட்டடத்திலும் ஏற்றது. வாடிக்கையாளரின் கண்ணெதிரே சமைத்தது.

1993இல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில், சரியாக வேகாத பர்கர்களிலிருந்த ஈ.கோலை கிருமியால் 700க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். நான்கு குழந்தைகள் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டு, கொத்திய மாட்டிறைச்சியில் அக்கிருமி இருப்பதையே கலப்படமாகக் கருத அமெரிக்க அரசு முடிவு செய்தது.

இப்பின்னணியில்தான் உயர்தர பர்கர் உணவகங்கள் பெருகின. 2001இல் லண்டனில் ‘கூர்மே பர்கர் கிச்சன்’ திறக்கப்பட்டது. 2004இல் நியூயார்க்கின் மேடிசன் சதுக்கப் பூங்காவில் ‘ஷேக் ஷாக்’ நிலையான கடையாக எழுந்தது. நல்ல இறைச்சி, அவ்வப்போது சுட்டுத் தரும் சமையல், எளிய சூழல் ஆகியவற்றுக்காகக் கூடுதல் விலை தர மக்கள் முன்வந்தனர். எனினும் விலையும் அலங்காரமும் ஹலாலுக்குச் சான்றாகா. 2013 ஜனவரியில் அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம், கடைகளில் விற்ற 27 மாட்டிறைச்சி பர்கர் வகைகளைச் சோதித்த முடிவை வெளியிட்டது. 10 வகைகளில் குதிரையின் மரபணுவும் 23 வகைகளில் பன்றியின் மரபணுவும் காணப்பட்டன. அவற்றின் உறைகளில் இவை பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, உள்ளே ஈரம் இருக்கக் கண்டு, மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரைக் கண்டித்த நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மறைவாக இருப்பதை வெளிக்கொணர்ந்து கேட்பது, ஆகவே, நமக்கு முன்மாதிரி உள்ள செயல்.

அதே வேளையில் எல்லை மீறிய ஐயமும் நம் மார்க்கத்தின் வழியன்று. புதிதாக இஸ்லாத்தைத் தழுவியோர் கொண்டுவரும் இறைச்சியில் அல்லாஹ்வின் பெயர் கூறப்பட்டதா எனத் தெரியவில்லையே என்று சிலர் வினவியபோது, பிஸ்மில்லாஹ் கூறி உண்ணுமாறு நபியவர்கள் பணித்ததை அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். இது புகாரியில் உள்ளது. ஒரு முஸ்லிம் சகோதரர் தம் கடையில் ஹலால் என்று உறுதி கூறினால், காரணமின்றி அவரைத் துருவ வேண்டியதில்லை. நிலை தெளிவாக இல்லாத இடத்தில் மூன்று கேள்விகள் போதும்: இறைச்சி யாரிடமிருந்து வருகிறது? பன்றி இறைச்சியும் இதே கல்லில் சுடப்படுகிறதா? சாஸில் மது சேர்க்கப்படுகிறதா?

பிள்ளைகளின் முன்னிலையில் இவற்றை மென்மையாகவும் மரியாதையாகவும் கேட்போம். பதில் மனநிறைவு தந்தால் பிஸ்மில்லாஹ் கூறி மகிழ்வோடு உண்போம். இல்லையெனில் நன்றி கூறி எழுந்து வருவோம். அவ்வாறு எழுந்து வரும் பெற்றோரைக் காணும் பிள்ளை, ஹலாலைப் பேணுவதைத் தானும் கற்றுக்கொள்ளும், இன்ஷா அல்லாஹ்.