ஒட்டுக் கட்டிய வீடு

1882-ல் பிரம்மஞான சபையின் நிறுவனர்களான பிளவாட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் வாங்கிய ஹடில்ஸ்டன் தோட்டம், சென்னையில் அடையாற்றின் தென்கரையில் 27 ஏக்கர் நிலம். அதில் இருந்த பங்களா, வெள்ளைக்கார அதிகாரிகளும் வணிகர்களும் புனித ஜார்ஜ் கோட்டையின் நெரிசலை விட்டு விலகிக் கட்டிக்கொண்ட தோட்ட வீடுகளில் ஒன்று. இன்றைய பிரம்மஞான சபைத் தலைமையகத்துக்குள் அந்த வீடு அடங்கியிருக்கிறது. மேலும் மேலும் கட்டியதில் மூல வீட்டின் ஒழுங்கு குலைந்துவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை; பிறகு சேர்ந்த சுவர்கள்தான் இந்த வீட்டின் சரித்திரம். 1885-ல் பிளவாட்ஸ்கி இந்தியாவை விட்டுப் போன பிறகும் ஆல்காட் கட்டுவதை நிறுத்தவில்லை. 1886-ல் நூலகம் தொடங்கினார். சுவடிகளுக்கு அறை தேவைப்பட்டது, ஆண்டு மாநாட்டுக்குக் கூடம் தேவைப்பட்டது. ஒரு துரை குடும்பம் சாப்பிட்டு உறங்குவதற்கென்று எழுந்த வீடு பல நாட்டவர் கூடும் இடமாயிற்று. கூடத்துச் சுவர்களில் பல சமயங்களின் சின்னங்கள் ஏறின. இந்த மாற்றத்தைக் காட்டுவது மூலப் பங்களா அல்ல, அதோடு ஒட்டிக் கட்டியவையே.

சென்னைத் தோட்ட வீட்டின் கட்டுமானமே இதற்கு இடம் கொடுத்தது. தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு பூசும் மெட்ராஸ் டெரஸ் தட்டையானது. சாய்கூரையைப் போலப் பிரித்து மேய வேண்டியதில்லை. பக்கத்தில் இன்னொரு அறையைச் சேர்க்கலாம், தாழ்வாரத்தை அடைத்தும் அறையாக்கலாம். இங்கிலாந்திலும் வீடுகள் இப்படிச் சேர்த்துச் சேர்த்தே வளர்ந்தன: கென்ட்டின் நோல் மாளிகை 1456-ல் பேராயர் பூர்ச்சியர் கையில் தொடங்கி, 17-ஆம் நூற்றாண்டில் சாக்வில் குடும்பத்தார் கையில் உருமாறியது. அதை யாரும் கெட்டுப்போன வீடு என்பதில்லை.

காலனிக்காரர் வீட்டைக் காப்பானேன் என்ற கேள்வி கனமானது. ஆனால் 1882-க்குப் பிறகு இந்த வீட்டை வளர்த்தது அரசு அதிகாரம் அல்ல. காக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு எதிர் உதாரணமும் நம் ஊரிலேயே இருக்கிறது. அண்ணா சாலையில் 1753-ல் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கிப் பெருக்கிய அரசினர் மாளிகை, 2010-ல் திறந்த சட்டமன்ற வளாகத்துக்காக இடிபட்டது. பொறியாளர் கோல்டிங்ஹாம் 1802-ல் அதற்குத் துணையாகக் கட்டிய விருந்து மண்டபம் மட்டும் ராஜாஜி மண்டபமாக நிற்கிறது. துணை இருக்கிறது, வீடு இல்லை.

அடையாறு வீட்டைப் பழுது பார்ப்பவர்கள் பழைய சுவர்மேல் சிமெண்ட் பூச வேண்டாம். ஈரம் வெளியேறாமல் சுண்ணாம்புக் கட்டு உதிர்ந்துபோகும். எந்தச் சுவர் எந்த ஆண்டில் எழுந்தது என்பதை முதலில் வரைபடமாக்குங்கள்.