சுதந்திராக் கட்சியும் இரவல் வாக்கும்



தமிழகத்தை விட்டு மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய நம்மவருள் பலர், வீட்டுப் பெரியவர்கள் ‘பர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யம்’ என்று சலித்துக்கொள்ளக் கேட்டிருப்பர். அச்சொற்றொடரை நாட்டுக்கு வழங்கியவர் ராஜாஜி. அதை எதிர்ப்பதற்கென்றே அவர் கண்ட சுதந்திராக் கட்சி, ஒரு சமயம் மக்களவையில் காங்கிரசுக்கு அடுத்த பெரிய கட்சியாக விளங்கிற்று. ஆயினும் பதினைந்து ஆண்டுகளில் அது மறைந்தது. அரசாங்கத்தின் கை குறுகவேண்டும், குடிமகனின் கை நீளவேண்டும் என்று கூறும் ஒரு கட்சி, பெருவாரியான மக்களின் வாக்கைப் பெறுவது எங்ஙனம் என்ற வினாவுக்கு இக்கட்சியின் வரலாற்றைவிடத் தெளிவான பாடம் நம் நாட்டில் வேறில்லை எனலாம்.

1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, நிலங்களை ஒன்றுசேர்த்துக் கூட்டுறவு முறையில் பயிரிடவேண்டும் எனத் தீர்மானித்தது. இரண்டு ஏக்கர் உடையவனும் அது கேட்டுக் கலங்கினான். அவ்வாண்டு ஜூனில் சென்னையில் புதிய கட்சி அறிவிக்கப்பட்டபோது ராஜாஜிக்கு வயது எண்பது. ஆகஸ்டில் அன்றைய பம்பாயில் கூடிய மாநாட்டைத் தொடர்ந்து அது உருப்பெற்றது. தலைவராக வந்த என். ஜி. ரங்கா, ஆந்திரத்து விவசாயிகளிடையே நெடுங்காலம் உழைத்தவர். பொதுச் செயலாளர் மினு மசானியோ பம்பாய்ப் பார்சி, முன்னாள் சோஷலிஸ்டு. ஏர் பிடித்தவனின் அச்சமும், தொழில் நடத்துபவரின் குறையும் ஒரே கொடியின்கீழ் வந்து நின்றன. ஏர் பிடித்தவனிடம் வாக்கு இருந்தது. தொழில் நடத்துபவரிடம் பணம் இருந்தது. இவ்விரண்டில் எது கட்சியின் முகமாகத் தோன்றும் என்பதே தொடக்கம் முதல் இருந்த சிக்கல்.

1962 தேர்தலில் மக்களவையில் 18 இடங்கள் கிடைத்தன. ஜெய்ப்பூரில் மகாராணி காயத்ரி தேவி, பதிவான 2,46,516 வாக்குகளில் 1,92,909 பெற்றுப் பெருவெற்றி அடைந்தார். பீகார்ச் சட்டசபையில் இராம்கர் ராஜாவின் செல்வாக்கால் 50 இடங்கள் சேர்ந்தன. குஜராத்தில் கிடைத்தவை 26 தாம். அன்று பார்த்தவர்கள் பீகாரையே கட்சியின் கோட்டை என்றிருப்பர்.

ஐந்தாண்டு கழித்து நடந்ததைக் காண்போம். ராஜா கட்சியை விட்டு விலகினார். 1967-இல் பீகாரில் கட்சிக்குக் கிட்டியவை 3 இடங்கள். குஜராத்திலோ 26 என்பது 66 ஆயிற்று. அங்கே கட்சியை வளர்த்தவர் வல்லப வித்யாநகரை நிறுவிய பாயிலால்பாய் படேல். நிலம் வைத்திருந்த பாட்டிதார்களையும் க்ஷத்திரியர்களையும் ஒரே அணியில் சேர்த்தார் அவர். அங்கும் சமஸ்தானத்தார் கட்சியில் இருந்தனர் என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் வேர் வயலில் இருந்தது. அரண்மனை அளித்த வாக்கு அரண்மனையோடு போயிற்று. வயல் அளித்த வாக்கு பெருகிற்று.

அவ்வாண்டு மக்களவையில் கட்சிக்குக் கிடைத்தவை 44 இடங்கள். இடங்கள் இரட்டிப்புக்கும் மேல் பெருகின. வாக்கு விகிதமோ ஏறத்தாழ 8 சதவீதத்திலிருந்து 9-ஐக்கூட எட்டவில்லை. கூட்டணிகளும், வாக்கு ஒருசில பகுதிகளில் திரண்டிருந்ததுமே இதற்குப் பெருங்காரணம் என்பது நம் எண்ணம்.

நம் சென்னை ராஜ்யத்தையே எடுத்துக்கொள்வோம். 1962-இல் 6 இடங்கள், 1967-இல் தி.மு.க.வுடன் சேர்ந்து 20. ஆனால் அத்தேர்தலில் அடுப்பங்கரைவரை சென்ற பேச்சு எது? ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பது. அது தோழமைக் கட்சியின் வாக்குறுதி. வென்றபின் தி.மு.க.வுக்குத் தனிப் பெரும்பான்மை இருந்தது. அமைச்சரவையில் சுதந்திராக் கட்சிக்கு இடமில்லை.

இதில் ஒரு விந்தை உண்டு. 1952 ஜூனில், முதல் மந்திரியாயிருந்த ராஜாஜி, சென்னையில் உணவுக் கட்டுப்பாட்டை ஒரே அறிவிப்பால் நீக்கினார். கியூ வரிசையில் கால் கடுக்க நின்ற இல்லத்தரசிக்கு, கட்டுப்பாடற்ற வாணிபம் என்றால் என்ன என்பதை விளக்கப் பிரசங்கம் தேவைப்படவில்லை. அரிசி நேரே கடைக்கு வந்தது. இப்படி ஒரு சான்று தலைவரின் கையிலேயே இருக்க, கட்சியின் குரல் பெரும்பாலும் ஆங்கில வாரப் பத்திரிகையிலும் நகரத்து மண்டபங்களிலும் ஒலித்தது. கொள்கையைச் சமையலறை வழியாகவும் களத்துமேட்டு வழியாகவும் அவர்கள் கொண்டு சென்றிருக்கவேண்டும்.

இன்னொரு குறை அதனினும் பெரிது. நிலம் உடையவனிடம் ‘உன் நிலத்தைக் காப்போம்’ என்று கட்சி சொல்லிற்று. நிலமே இல்லாத கூலியாளிடம் சொல்ல அதனிடம் என்ன இருந்தது? அவனுக்கும் சுதந்திரம் வேண்டும். கடன் கொடுத்தவனிடமிருந்தும், ஊர்ப் பெரியதனக்காரனிடமிருந்தும் வேண்டும். அந்தப் பெரியதனக்காரனே கட்சியின் வேட்பாளனாக நின்ற ஊர்களில் இதை யார் பேசுவது? வயது வந்தோர் அனைவருக்கும் வாக்கு உள்ள நாட்டில், இந்த மௌனத்துக்கு விலை கொடுக்காமல் தப்ப இயலாது.

1969 ஜூலையில் இந்திரா காந்தி பதினான்கு வங்கிகளைத் தேசியமயமாக்கினார். மன்னர் மானியத்தை ஒழிக்கவும் முற்பட்டார். சுதந்திராக் கட்சி இரண்டையும் எதிர்த்தது. வங்கிச் சட்டத்தை எதிர்த்ததற்குக் கொள்கை ரீதியான நியாயம் இருந்தது. மன்னர் மானியமும் அரசாங்கம் கொடுத்த வாக்கு என்ற அளவில் வாதத்துக்குரியதே. ஆனால் மகாராஜாக்கள் நிறைந்த வரிசையிலிருந்து அவ்வாதம் எழுந்தபோது கேட்டவர் வேறுவிதமாகவே பொருள் கொண்டனர். வறுமையை விரட்டுவோம் என்ற கோஷத்தின்முன், 1971-இல் கட்சிக்குக் கிட்டியவை 8 இடங்கள். மசானி ராஜ்கோட்டில் தோற்றார். 1972 டிசம்பர் 25 அன்று ராஜாஜி மறைந்தார்.

1974 ஆகஸ்டில், பிலூ மோடியின் தலைமையில் கட்சியின் பெரும்பகுதி பாரதீய லோக் தளத்தில் கலந்தது. அப்புதிய கட்சியின் தலைவர் சரண் சிங். 1959-இல் நாகபுரியில், காங்கிரசுக்குள்ளிருந்தே நேருவின் எதிரில் எழுந்து அக்கூட்டுப் பண்ணைத் தீர்மானத்தை எதிர்த்துப் பேசியவர் அவர்தாம்.