அணு உலைக்கும் ஒரு ஆயில் இன்ஜின்

கரண்டு மோட்டார் வந்த பிறகும் கிணத்து மேட்டுல ஆயில் இன்ஜினை விக்காம வச்சிருக்கிற விவசாயிங்க எங்க பக்கம் உண்டு. கதிர் பிடிக்கிற நேரத்துல கரண்டு நின்னா அதுதான் கை கொடுக்கும். கரண்டு தயாரிக்கிற கல்பாக்கம் அணுமின் நிலையத்துலயும் இதே ஏற்பாடுதான். அங்க இருக்கிறது பெரிய டீசல் ஜெனரேட்டர்கள்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருக்கும் இந்த நிலையத்தில் முதல் உலை 1984-லும் இரண்டாவது 1986-லும் வணிக உற்பத்திக்கு வந்தன. உலையை நிறுத்தினாலும் எரிபொருளின் சூடு உடனே அடங்காது, அடுப்பை அணைச்சாலும் கங்கு கனலுற மாதிரி. தண்ணி ஓடிக்கிட்டே இருக்கணும். வெளி மின்சாரம் போனால் பம்பை ஓட்ட டீசல்தான்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல்நீர் பம்ப் ஹவுசுக்குள் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். ஊழியர் குடியிருப்பிலும் மீனவர் குப்பங்களிலும் உயிர்கள் போயின. வெளி மின்சாரம் நிற்காததால் உலைக்குச் சிக்கல் வரவில்லை.

ஜப்பானின் ஃபுகுஷிமாவில் 2011 மார்ச் 11 பூகம்பத்தில் வெளி மின்சாரம் போனது. டீசல் இன்ஜின்கள் சரியாகத்தான் ஓடின. ஒரு மணி நேரத்துக்குள் வந்த சுனாமி, கீழ்த்தளத்தில் இருந்தவற்றை மூழ்கடித்தது. மூன்று உலைகள் உருகின. உயரமான இடத்தில் இருந்த, காற்றால் குளிரும் ஒரே ஒரு ஜெனரேட்டர் தப்பி, 5, 6-ஆம் உலைகளைக் காப்பாத்துச்சு.

இன்ஜின் இருந்தா மட்டும் போதாது, வெள்ளம் ஏறாத மேட்டுல இருக்கணும். ஏரிக்குக் கீழே கிணறு வச்சிருக்கிறவனுக்கு இது தெரியும். கல்பாக்கத்தைப் பத்திப் பேசும்போது நீங்களும் அந்த உயரத்தைக் கேளுங்க.